எக்ஸ்ரே நார்மல், பையன் இன்னும் நொண்டுகிறான்: தொடை எலும்புக் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா?

கேள்வி: தாலுகா எலும்பு மருத்துவர்

வணக்கம். 11 வயதுப் பையன், பள்ளியில் நெடுந்தூர ஓட்டக்காரன். மூன்று வாரமாக வலது தொடையிடுக்கில் வலி. ஓடினால் கூடுகிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது. இரவில் வலியில்லை. முதல் வாரம் முழங்காலைத்தான் காட்டியிருக்கிறான். முழங்கால் எக்ஸ்ரே எடுத்து, சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

காய்ச்சல் இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளும் இயல்பு: ஈ.எஸ்.ஆர். 12, சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மி.கி. இடுப்பு எக்ஸ்ரே நார்மல் என்று ரிப்போர்ட். அல்ட்ராசவுண்டில் கொஞ்சம் மூட்டு நீர் இருந்ததால் ட்ரான்சியன்ட் சைனோவைட்டிஸ் (தானாக அடங்கும் மூட்டு அழற்சி) என்று வைத்து 10 நாள் ஐபுப்ரோஃபென் கொடுத்தாயிற்று. பலனில்லை. காலை உள்பக்கமாகத் திருப்பினால் முகம் சுளிக்கிறான்.

எங்களிடம் டிஜிட்டல் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், 16 ஸ்லைஸ் சி.டி. உண்டு. எம்.ஆர்.ஐ.க்கு 60 கி.மீ. போக வேண்டும். இங்கேயே சி.டி. எடுத்துப் பார்க்கலாமா, நேரே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பலாமா? அனுப்பினால் அங்கே என்ன கேட்டு எழுத வேண்டும்? அதுவரை பள்ளிக்குப் போகலாமா?

பதில் 1: குழந்தைகள் ரேடியாலஜி

டாக்டர், கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேவை. இன்றே அந்தக் காலில் பாரம் போடுவதை நிறுத்துங்கள். இரண்டு ஊன்றுகோல், வலது கால் தரையில் ஊன்றவே கூடாது. பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்றால் போகட்டும். மாடிப்படி இருந்தால் வேண்டாம். வீட்டில் எண்ணெய் போட்டு உருவுவது, காலைப் பிடித்து இழுத்து விடுவது எதுவும் கூடாது என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் அது நடக்கும். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும் பரிசோதனையும் வேண்டாம். வலி வருகிறதா என்று தெரிந்துகொள்ளப் போய், பாதி விரிந்த எலும்பை முழுதாக உடைத்துவிடலாம்.

நீங்கள் சொன்ன விவரத்துக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓயாத பாரத்தால் எலும்பில் விழும் கீறல், பட்டியலின் மேலேயே வருகிறது. ட்ரான்சியன்ட் சைனோவைட்டிஸ் பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்குவது. 11 வயதில், மூன்று வாரம் தாண்டி, ஓடினால் மட்டும் கூடும் வலிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மூட்டு நீர் இருப்பதால் நோய் மூட்டுக்குள்தான் என்றும் ஆகாது. தொடை எலும்பின் தலையையும் தண்டையும் இணைக்கும் கழுத்தின் பெரும்பகுதி மூட்டு உறைக்குள் இருப்பதால், அங்கே கீறல் விழுந்தாலும் நீர் சுரக்கும். அல்ட்ராசவுண்ட் நீரைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. முழங்கால் வலி என்று வந்ததும் புதிதல்ல. ஆப்டுரேட்டர் நரம்பின் கிளைகள் இரண்டு மூட்டுக்கும் போகின்றன. முழங்கால் வலி என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் இடுப்பைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும் முன் கையிலிருக்கும் எக்ஸ்ரேயை மறுபடி திரையில் போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தின் உள்பக்கக் கீழ் ஓரம், சிறு ட்ரோகான்டருக்கு (கழுத்தின் அடியில் உள்பக்கம் இருக்கும் எலும்புப் புடைப்பு) சற்று மேலே இருக்கும் வளைவு, அதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் அடிபடும் இடம். கார்டெக்ஸ், அதாவது எலும்பின் கெட்டியான வெளி ஓடு, கூர்மையான வெள்ளைக் கோடாக ஓட வேண்டும். அது ஓரிடத்தில் சாம்பல் பூத்து மங்கியிருக்கிறதா? அதற்கு நேர் உள்ளே ட்ரபெகுலாக்களை (எலும்புக்குள் ஓடும் மெல்லிய வரிகளை) குறுக்கே வெட்டுகிற மாதிரி மங்கலான வெள்ளைப் பட்டை இருக்கிறதா? இடதுபக்கத்தோடு ஒப்பிட்டால்தான் கண்ணுக்குத் தட்டும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்போது எடுத்த படமானால் கழுத்து குறுகித் தெரியும், பெரிய ட்ரோகான்டர் அதன்மேல் விழுந்து மறைக்கும். சிறு ட்ரோகான்டர் துருத்திக்கொண்டு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரு பாதத்தையும் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பி டேப் போட்டு மறுபடி எடுங்கள்.

கூடவே பக்கவாட்டுப் படம் வேண்டும். நடக்க முடிகிற பிள்ளைக்குத் தவளைக்கால் நிலை சரி. 10 வயதுக்கு மேல் தொடை எலும்புத் தலை நழுவும் நோய், அதாவது ஸ்லிப், பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் அகப்படும். ஆனால் காலே ஊன்ற முடியாதவனைத் தவளைக்காலுக்கு மடக்காதீர்கள். நழுவியது மேலும் நழுவும், கீறல் விலகும். குறுக்கு மேசைப் படம் எடுங்கள்.

இவ்வளவும் செய்து எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் தீராது. ஆரம்பத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதே வழக்கம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெள்ளைப் பட்டை வரும். காலின் கீழ் எலும்பில் வருவதுபோல மேலே புது எலும்பு பூக்கும் என்று இங்கே எதிர்பார்க்கவும் முடியாது. உறைக்குள் இருக்கும் கழுத்தில் வெளிப்புறக் கேலஸ் (ஆறும்போது பூக்கும் புது எலும்பு) மிகக் குறைவு, குணமாவது பெரும்பாலும் உள்ளிருந்துதான் நடக்கும். அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற ரிப்போர்ட்டை நம்பி ஓட விடுவதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய தவறு.

சி.டி. இப்போது வேண்டாம். விலகாத கீறலின் முதல் கட்டத்தில் மாற்றம் மஜ்ஜையில்தான் இருக்கிறது, சி.டி. அதைக் காட்டாது. சி.டி. நார்மலாக வந்து நீங்கள் ஏமாறலாம், பிள்ளைக்கு இடுப்பில் கதிர்வீச்சு மிச்சம். எலும்பு ஸ்கேனும் இந்த இடத்துக்குச் சுகமில்லை. வளரும் பிள்ளைக்கு ஸ்கேனுக்கு ஏற்றும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் வளர்ச்சித் தட்டிலேயே (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பட்டையிலேயே) பளிச்சென்று ஏறும். பக்கத்திலிருக்கும் கழுத்தின் சிறிய சூட்டை அது விழுங்கிவிடும். 60 கி.மீ. ஆனாலும் எம்.ஆர்.ஐ.தான். அவசரம் என்று எழுதி, ஒன்றிரண்டு நாளுக்குள் எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 2: எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட்

டாக்டர், சீட்டில் "இடுப்பு எம்.ஆர்.ஐ." என்று மட்டும் எழுதி அனுப்பினால் சென்டர் எடுக்கிற வழக்கமான இடுப்பெலும்புப் படம்தான் வரும். அகலப் படத்தில் கீறல் கோடு தொலைந்துவிடும். "வலது தொடை எலும்புக் கழுத்து ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் சந்தேகம், பெரிய பரப்பில் இரு இடுப்பும், சிறு பரப்பில் வலது மட்டும், கான்ட்ராஸ்ட் தேவையில்லை" என்று எழுதுங்கள். 11 வயதுக்கு மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியிருக்காது. அப்பாவோ அம்மாவோ உலோகப் பரிசோதனை முடித்து உள்ளே கூட நின்றால் பிள்ளை அசையாமல் படுத்துவிடும். அரைஞாண் கயிறு, தாயத்து, வெள்ளிக் கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி வீட்டிலிருந்தே அனுப்புங்கள். இடுப்பைப் படமெடுக்கும்போது உலோகம் அங்கேயே இருந்தால் படம் பாழ்.

முதல் சீக்வன்ஸ் கொரோனல் (முன்னிருந்து பார்க்கும் நோக்கு) ஸ்டிர், அதாவது கொழுப்பை அணைத்து நீரைப் பளிச்சென்று காட்டும் படம், இரு இடுப்பும் அடங்க. இந்த வயதுக்கு 30 முதல் 34 செ.மீ. பரப்பு, 4 மி.மீ. தடிமன். 1.5 டெஸ்லாவில் கொழுப்பை அணைக்கும் இன்வர்ஷன் நேரம் 150–160 மில்லி செகண்ட், 3 டெஸ்லாவில் 200க்கு மேல். பிள்ளை பாதியில் எழுந்துவிட்டாலும் இந்த ஒன்று கையிலிருந்தால் பாதி விடை வந்துவிடும், அதனால்தான் இதை முதலில் வைப்பது. அடுத்து அதே ஸ்லைஸ்களில், அதே இடத்தில், கொரோனல் டி1, அதாவது கொழுப்பு வெளிச்சமாகத் தெரியும் படம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால்தான் ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். டி1 இல்லாத படத்தைத் திருப்பி அனுப்புவது நியாயம்.

அப்புறம் வலது மட்டும், 16–18 செ.மீ. பரப்பு, 3 மி.மீ. தடிமன், கொழுப்பு அணைத்த புரோட்டான் டென்சிட்டி அல்லது டி2. கொரோனலில் ஒன்று, கழுத்தின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த ஆக்ஸியலில் (குறுக்குவெட்டில்) ஒன்று. நேர் ஆக்ஸியலில் கழுத்து துண்டு துண்டாக வரும். சாய்த்தால் தலை, கழுத்து, ட்ரோகான்டர் மூன்றும் ஒரே ஸ்லைஸில் விழும், முன்பக்கக் கார்டெக்ஸும் பின்பக்கக் கார்டெக்ஸும் தெளிவாகப் பிரியும். இரு கால் கட்டைவிரலையும் சேர்த்து டேப் போட்டு, பக்கத்தில் மணல் பை. பாடி அரே காயில் போதும்.

இங்கே அடிக்கடி கெடுவது கொழுப்பு அணைப்பு. சாதாரண கெமிக்கல் ஃபேட்சாட் காந்தப்புலத்தின் ஓரத்தில் தோற்றுவிடும். பெரிய ட்ரோகான்டரின் வெளிப்பக்கம் பொய்யாகப் பளிச்சிடும், பார்ப்பவர் அதை வீக்கம் என்று எண்ணுவார். சந்தேகமானால் ஸ்டிரையோ, கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்சன் முறையையோ நம்புங்கள். இன்னொன்று: கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு ஸ்டிர் எடுக்கவே கூடாது. கான்ட்ராஸ்ட் மருந்தான கேடோலினியம் ஏறிய திசுவின் டி1 நேரம் குறைந்து கொழுப்போடு சேர்ந்து அதுவும் அணைந்துபோகும். இருக்கிற நோய் காணாமல் போய்விடும்.

மறுபடி: தாலுகா எலும்பு மருத்துவர்

இருவருக்கும் நன்றி. ஊன்றுகோல் கொடுத்துவிட்டேன், படம் நாளை. படம் வந்ததும் நானே முதலில் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து முழுக்க வெள்ளையாக இருந்து கோடு தெரியாவிட்டால் என்ன செய்வது? ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா (புற்றல்லாத சிறு எலும்புக் கட்டி), ஈவிங் (எலும்புப் புற்று) எல்லாம் இப்படித்தானே தொடங்கும்? பயாப்சி வரை போக வேண்டி வருமோ என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

பதில் 3: குழந்தைகள் ரேடியாலஜி

ஸ்டிரைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். ஸ்டிர் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். "என்ன" என்பதைச் சொல்வது டி1.

பிள்ளைகளின் கழுத்தில் சிவப்பு மஜ்ஜை நிறைய இருக்கும். டி1இல் அது இடைநிலைச் சாம்பல். ஆனால் பக்கத்துத் தசையைவிடச் சற்று வெளிச்சமாகத்தான் இருக்கும், ஸ்டிரில் லேசாகவே மின்னும், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஸ்ட்ரெஸ் வீக்கம் அப்படியல்ல. ஸ்டிரில் நீர் போலப் பளிச்சிடும். டி1இல் மங்கலாக, ஓரம் கரைந்து, நடுவே கொழுப்பின் கீற்றுகள் மிச்சமிருக்கும். அந்தக் கீற்றுகள்தான் ஆறுதல் தரும் அடையாளம். ஒரு பகுதி முழுக்கத் தசையைவிடவும் இருண்டு, கொழுப்பு துளியும் இல்லாமல், வெட்டி எடுத்ததுபோல் ஓரத்தோடு இருந்தால் மஜ்ஜையை வேறொன்று ஆக்கிரமித்திருக்கிறது என்று பொருள். அப்போது ஈவிங், லிம்ஃபோமா, லுக்கீமியா எல்லாம் மேசைக்கு வரும். இரண்டு இடுப்பும் சேர்ந்து இருண்டிருந்தால் ரத்தப் படலப் பரிசோதனையை அன்றே பாருங்கள்.

இடையில் நிற்கும் படங்களுக்கு இன் ஃபேஸ், ஆப்போஸ்ட் ஃபேஸ் (கொழுப்பு, நீர் சிக்னல்கள் கூடும் நிலையில் ஒன்று, ஒன்றையொன்று கழிக்கும் நிலையில் ஒன்று) எடுத்தால் உதவும். மஜ்ஜையில் கொழுப்பு மிஞ்சியிருந்தால் ஆப்போஸ்ட் ஃபேஸில் சிக்னல் 20 சதவீதத்துக்கு மேல் விழும். விழாவிட்டால் கவலைப்பட வேண்டும். ரத்தக் கசிவும் எலும்பு இறுக்கமும் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

கோட்டைத் தேடும் விதம்: சிறு பரப்புப் படத்தில் உள்பக்கக் கீழ்க் கார்டெக்ஸிலிருந்து தொடங்குங்கள். கார்டெக்ஸுக்குச் செங்குத்தாக உள்ளே போகும் கருங்கோடு, டி1, டி2 இரண்டிலும் கருப்பு, சுற்றிலும் வெண்மை. வளர்ச்சித் தட்டை அதுவென்று எண்ணிவிடக் கூடாது. தட்டு தலைக்கு ஒட்டி, கழுத்தின் முழு அகலத்துக்கும் ஓடும். கொழுப்பு அணைத்த படத்தில் குருத்தெலும்பு வெளிச்சமாகத் தெரியும். கீறல் அதற்குக் கீழே இருக்கும், பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். அந்த நீளம் கழுத்தின் அகலத்தில் எத்தனை சதவீதம் என்று அளந்து எழுதுங்கள், அறுவை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வீக்கம் தட்டின் இருபுறமும் பரவி, தட்டும் அகன்றிருந்தால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரை விட்டுவிட்டு, நழுவப் போகிற தலை என்று நினையுங்கள். அதற்கு வேறு வைத்தியம்.

கோடே தெரியாமல் வீக்கம் மட்டும் இருந்தால் அது ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், கீறலுக்கு முந்தைய படி. பாரம் நிறுத்தினால் வலி சில வாரங்களில் தெளிவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால், அல்லது இரவு வலி வந்து ஐபுப்ரோஃபெனுக்கு உடனே அடங்கினால், அப்போதுதான் சி.டி.க்கு வேலை. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவின் நைடஸ் (கட்டியின் சிறு மையம்) எம்.ஆர்.ஐ.யில் வீக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் 16 ஸ்லைஸே போதும்: 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ், எலும்புக் கெர்னல் (எலும்பைக் கூர்மையாகக் காட்டும் அமைப்பு), குறைந்த டோஸ், தலையின் மேல்முனையிலிருந்து சிறு ட்ரோகான்டருக்குச் சற்றுக் கீழ் வரை மட்டும். உருண்டையான கரும்புள்ளி, நடுவில் சில சமயம் வெள்ளைப் பொட்டு என்றால் நைடஸ். நீண்ட கோடென்றால் கீறல். உங்கள் பையனுக்கு இரவு வலியில்லை, ஐபுப்ரோஃபெனுக்கும் அடங்கவில்லை. அதனால் இப்போதைக்கு அந்தப் பக்கம் ஓட வேண்டாம்.

பயாப்சி பற்றி அழுத்திச் சொல்கிறேன். ஆறிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரின் இளம் கேலஸ் நுண்ணோக்கியில் எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்க்கோமாவைப் போலவே தோன்றக்கூடும். படத்தைச் சரியாகப் படிக்காமல் ஊசி போட்டால் பிள்ளை தவறான நோய்க்கு வைத்தியம் பார்க்கப்படும் அபாயம் உண்மையானது. சந்தேகமான படத்தை முதலில் எலும்புக் கட்டி பார்க்கும் மையத்துக்கு அனுப்புங்கள். தேவையென்றால் ஊசி எங்கே போட வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.

பதில் 4: குழந்தைகள் எலும்பு அறுவை மருத்துவம்

ரேடியாலஜி ரிப்போர்ட்டில் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். எலும்பு அறுவை மருத்துவர் டெவாஸ் 1965இலேயே இந்தக் கீறலை இரு வகையாகப் பிரித்தார். கழுத்தின் கீழ் உள்பக்கம் நசுங்கும் பக்கம். பாரம் ஏறும்போது கீறல் இறுகி நிற்கும். மேல் வெளிப்பக்கம் இழுபடும் பக்கம். பாரம் ஏற ஏற வாய் திறக்கும். பிள்ளைகளில் பெரும்பாலும் வருவது முதல் வகை, அது நல்ல காலம்.

நசுங்கும் பக்கம், கோடு கழுத்தில் பாதிக்குக் குறைவு, விலகல் இல்லை என்றால் பாரமில்லாமல் 6 முதல் 8 வாரம். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடும் பிள்ளையாக இருந்தால் இடுப்போடு சேர்த்து ஸ்பைகா மாவுக்கட்டு போட யோசிக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால், அல்லது மேல்பக்கத்தில் எந்த அளவு கோடு தெரிந்தாலும், அன்றே அனுப்புங்கள். துளையுள்ள ஸ்குரூ போட வேண்டியிருக்கும், முடிந்தவரை வளர்ச்சித் தட்டைத் தொடாமல்.

இவ்வளவு பதற்றம் எதற்கென்றால், தலைக்கு ரத்தம் பெரும்பாலும் மீடியல் சர்கம்ஃப்ளெக்ஸ் தமனியிலிருந்து கழுத்தின் பின்மேல் ஓரமாக ஏறும் மெல்லிய குழாய்களில்தான் போகிறது. வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் வரை கழுத்துக்குள்ளிருந்து தட்டைத் தாண்டி ரத்தம் போகாது. கீறல் விலகி அந்தக் குழாய்கள் கிழிந்தால் மாற்றுவழி கிடையாது, தலை செத்துப்போகும். 11 வயதில் அது நடந்தால் வாழ்நாள் முழுக்க அந்த மூட்டோடு போராட வேண்டும்.

பின்தொடர்வதில் ஒரு விஷயம். முதல் மாதம் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒரு எக்ஸ்ரே, இரு நிலையிலும். முதலில் காணாத வெள்ளைப் பட்டை மூன்றாம் வாரம் தெரிந்தால் பெற்றோர் பயப்படுவார்கள். அது ஆறுவதன் அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எம்.ஆர்.ஐ. ஒவ்வொரு முறையும் வேண்டாம். ஸ்டிரில் வெண்மை, வலி போய் மாதக்கணக்கில் தங்கும். வலியில்லாமல் இடுப்பு முழுதாகத் திரும்பி, எக்ஸ்ரேயில் ஆறியது தெரிந்தால், மிச்ச வெண்மைக்காகப் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம். நடை முதலில், மெல்லோட்டம் 10–12 வாரத்துக்குப் பிறகு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இடையில் திடீரென வலி கூடி ஊன்ற முடியாமல் போனால் அன்றைக்கே எக்ஸ்ரே.

பதில் 5: குழந்தை நல மருத்துவர்

எலும்பு பலவீனமாக இருந்து கீறல் விழுந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். 25 ஹைட்ராக்சி விட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), கிரியேட்டினின், பைகார்பனேட். ஆல்கலைன் பாஸ்படேஸ் வளரும் பிள்ளைக்கு இயல்பாகவே பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். லேப் பெரியவர் அளவை அச்சடித்து "அதிகம்" என்று குறித்திருந்தால் அதை வைத்து எலும்பு மென்மையாகும் ரிக்கட்ஸ் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். வயதுக்குரிய அளவைப் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் இடது கழுத்தின் உள்பக்கமும் அதே இடத்தில் வெண்மை இருந்தால், இரண்டும் சேர்ந்து லூசர் கோடுகளாக (எலும்பு மென்மையாகும் நோயில் விழும் கீறல் போன்ற பட்டைகளாக) இருக்கலாம். அவை விரும்பி வரும் இடங்களில் தொடை எலும்புக் கழுத்தின் உள்பக்கமும் ஒன்று. மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு அகன்று கிண்ணம்போல் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் சரியாக இருந்து பாஸ்பரஸ் மட்டும் தாழ்ந்திருந்தால் பரம்பரைப் பாஸ்பேட் குறைபாட்டைத் தேட வேண்டும். அதற்கு விட்டமின் டி ஊசி மேல் ஊசி போட்டால் எலும்பு தேறாது, சிறுநீரகத்தில் கால்சியம் படியும்.

இதே வலியோடு ஓட்டக்காரப் பெண்பிள்ளை வந்தால் வயதுக்கு வந்ததா, மாதவிலக்கு நின்றுபோனதா, சாப்பாட்டைக் குறைக்கிறாளா என்று வேறு யாரும் இல்லாத இடத்தில், அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேளுங்கள். பையன்களிடமும் சாப்பாட்டைக் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு அப்படியே பள்ளிக்குப் போகிறானா, மதியம் வரை என்ன உள்ளே போகிறது, கடந்த இரண்டு மாதத்தில் ஓடும் தூரம் திடீரென ஏறியதா, மண்தரையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறினார்களா? இந்த நான்கையும் கேட்டு ரெஃபரல் சீட்டில் எழுதி அனுப்பினால் படம் பார்ப்பவருக்கும் வேலை எளிது.

மறுபடி: தாலுகா எலும்பு மருத்துவர்

படம் வந்துவிட்டது. வலது கழுத்தின் உள் கீழ்ப்பக்கம் ஸ்டிரில் பளிச், டி1இல் கொழுப்புக் கீற்றுகள் மிச்சமிருக்கின்றன. சிறு பரப்புக் கொரோனலில் கார்டெக்ஸிலிருந்து கருங்கோடு, அளந்தால் அகலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். மேல்பக்கம் சுத்தம், தட்டு அகலவில்லை, இடதுபக்கம் இயல்பு. கால்சியமும் பாஸ்பரஸும் சரி. விட்டமின் டி மட்டும் குறைவு, மில்லி லிட்டருக்கு 14 நானோகிராம்.

பதில் 4: குழந்தைகள் எலும்பு அறுவை மருத்துவம்

நசுங்கும் பக்கம், பாதிக்குக் குறைவு. பாரமில்லாமல் 6 வாரம் தொடருங்கள், அடுத்த வாரம் எக்ஸ்ரே. விட்டமின் டியை இப்போதே வாய்வழி தொடங்கிவிடுங்கள், கால்சியமும் சேர்த்து. எம்.ஆர்.ஐ. படம் பதிந்த வட்டைப் பெற்றோரிடமே ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். இரவில் வலி கூடி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கிருப்பவருக்குப் பழைய கோடு எவ்வளவு நீளமிருந்தது என்று தெரிய வேண்டும்.